மலிவான மாவட்டம்

லிண்டால் மாவட்டம், மினசோட்டா
பிப்ரவரி 11

லெனோரா,

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை விட்டுவிட்டால் நான் உனக்கு எழுதி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த அட்டையில்கூட "நலம். லெனோரா பிக்கெட்" என்று குடும்பப் பெயரோடு கையெழுத்துப் போடுகிறாய், எனக்கு வேறு பத்து லெனோராக்களைத் தெரியும் என்பதுபோல.

இந்த வருஷத்து முன்னறிவிப்பைப் படித்தேன். முதியோர் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அரசு அடுத்த வருஷம் தலைக்கு மாதம் எவ்வளவு கொடுக்கும் என்று சொல்கிற அந்தத் தடித்த ஆவணத்தை, வேலையை விட்ட பிறகும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் படிக்கிறேன். இந்த ஊரில் மற்ற கிழவர்கள் இதே மாதத்தில் விதைக் கடை விளம்பரங்களைப் படிப்பார்கள். அவரவர் பைத்தியம் அவரவர்க்கு. நடுப்பக்கம் வருவதற்குள்ளேயே இது உன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. "எனினும்" என்று பணிவாக ஆரம்பித்து ஆளையே சாய்த்துவிடுகிற வாக்கியம் உனக்கு மட்டும்தான் வரும்.

முதலில் பாராட்டு. பெரிய நிறுவனங்கள் வீடு வீடாக நர்ஸை அனுப்பி, கிழவர் கிழவிகளின் தலையில் ஊரில் உள்ள நோயெல்லாம் எழுதிக்கொண்டு போய், "எங்கள் ஆட்கள் ரொம்பவும் நோயாளிகள், கூடக் கொடு" என்று அரசிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எந்த டாக்டரும் வைத்தியம் பார்க்காத நோய்க்கு இனிக் காசு கிடையாது என்று வாலை ஒட்ட நறுக்கியிருக்கிறாய். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

இனி என் கதை. எனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இங்கே இருந்த ஆஸ்பத்திரியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள், ஆகவே பக்கத்து மாவட்டத்துக்குப் போக வேண்டும். கண்ணும் மங்கிவிட்டதால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எங்கள் கூட்டுறவுக் காப்பீட்டுத் திட்டம் ஒரு வேன் விடுகிறது. நான் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு பால்டிமோரிலிருந்து இங்கே வந்து ஆரம்பித்தேனே, அதே திட்டம்தான். அன்று நான் வாங்கச் சொன்ன வேனில் இன்று நானே ஏறி உட்காருகிறேன். டிரைவர் ட்வெயின், மேவிஸ் எக்டால், இரண்டு விவசாயிகள், நான். நல்ல கூட்டம்.

லிண்டாலுக்கு நாம் முதலில் வந்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு மாவட்டத்திலும் முதியவர்களின் வைத்தியத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று நீயும் நானும் சராசரி எடுத்தோம். அதில் கொஞ்சம் குறைத்து நிறுவனங்களுக்குக் கொடுப்பது என்று அப்போதைய ஏற்பாடு. எல்லாவற்றையும்விட மலிவாக வந்தது லிண்டால். மேலதிகாரி டெம்ப்சிக்குத் தலைகால் புரியவில்லை. "அங்க என்னதான் சாப்பிடறாங்க, எப்படித்தான் வாழறாங்கன்னு போய்ப் பாத்துட்டு வாங்கப்பா. நாட்டுக்கே சொல்லிக் குடுக்கலாம்" என்று நம்மை அனுப்பிவைத்தார். நாமும் நம்பித்தானே கிளம்பினோம். ஏரி மீனும் குளிர்ந்த காற்றும்தான் காரணம் என்று விமானத்தில் நீ, மினசோட்டாவிலேயே பிறந்த எனக்கு, வகுப்பே எடுத்தாய்.

ஆல்மாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் நீ கேட்டாய்: "இங்க வயசானவங்க எல்லாம் ரொம்ப ஆரோக்கியமா இருக்காங்களாமே?"

ஆல்மா காபி ஜாடியைக் கீழே வைத்தாள். "யாரும்மா உங்ககிட்ட சொன்னது? டாக்டர் செத்து ரெண்டு வருஷமாச்சு. புதுசா ஒருத்தரும் வரல. செலவு பண்ணணும்னாலும் யார்கிட்ட போய்ப் பண்றது?"

நீ பேனாவை மூடிப் பைக்குள் போட்டாய். அன்று பூராவும் அதை எடுக்கவில்லை. இரண்டு பட்டதாரிகள், இவ்வளவு பெரிய கணிப்பொறி, வைத்தியம் இல்லாத ஊரை நோய் இல்லாத ஊர் என்று படித்திருந்தோம். சாயங்காலம் பனி கொட்டி ரோடு அடைத்துக்கொண்டது. முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில் சனிக்கிழமை நடனம். நீ பூசணிக்காய்க் கேக் தின்றுகொண்டிருந்தாய். என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று அங்கேதான் கேட்டேன். "இந்தக் கேக்கை முடிச்சுக்கறேன்" என்றாய். அந்தப் பதிலை நான் பல வருஷம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் முன்னறிவிப்பின் பின்பகுதியில் மாவட்டச் சராசரிகளைப் புதிதாகக் கணக்கிட்டிருக்கிறாய். லிண்டாலின் தொகை சரிந்திருக்கிறது. ஏன் சரிந்தது? ஆஸ்பத்திரி மூடியதால் ஜனங்கள் வைத்தியத்துக்குப் போகவில்லை, செலவு குறைந்தது, செலவு குறைந்ததால் நீங்கள் கொடுப்பதும் குறைகிறது. செத்துப்போன டாக்டரே மறுபடி வந்து நிற்கிறார், லெனோரா. இந்தத் தொகை நிலைத்தால் கூட்டுறவுத் திட்டம் இந்த மாவட்டத்தை விட்டுப் போய்விடும் என்கிறார்கள். டயாலிசிஸ் நிற்காது, அரசின் பொதுக் காப்பீட்டில் அது உண்டு. அதில் வேன் கிடையாது. வேன் இல்லையென்றால் நான் இந்த ஏரிக்கரை வீட்டை விட்டு மினியாபொலிஸில் மகள் காரினின் வீட்டு மாடியறைக்குப் போக வேண்டும். பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்துச் சராசரி எடுங்கள், அல்லது ஆஸ்பத்திரி மூடிய வருஷங்களை விட்டுவிட்டு எடுங்கள். நீ நினைத்தால் முடியும்.

ஆர்லன்

---

பால்டிமோர்
பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய திரு. ஹாகன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

முன்னறிவிப்பின்மேல் பொதுமக்கள் கருத்துக் கூறும் காலம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. இக்காலத்தில், அதைத் தயாரிக்கும் ஊழியர் ஒருவருக்கு வெளியாரிடமிருந்து அதைப் பற்றி வரும் எக்கடிதமும், எந்தப் பகுதியும் நீக்கப்படாமல், பொதுக் கோப்பில் சேர்க்கப்பட வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. அந்த விதி தங்களுக்குத் தெரியும். நாம் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து படித்த விதிதான். அதன்படி தங்கள் கடிதம் முழுமையாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. இணையத்தில் எவரும் வாசிக்கலாம்.

கடிதத்தில் உள்ள கருத்துகளைப் பற்றி எதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. தகவல் பிழைகளைத் திருத்த அனுமதி உண்டு என்று நினைக்கிறேன். அது பூசணிக்காய்க் கேக் அல்ல, ஆப்பிள். மேலும், நான் முடித்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். முடியாது என்று சொல்லவில்லை.

தங்கள் உடல்நிலை அறிந்து வருந்துகிறேன்.

இங்ஙனம்,
லெனோரா பிக்கெட்

---

லிண்டால் மாவட்டம்
பிப்ரவரி 27

லெனோரா,

இந்தக் கடிதத்தில் காப்பீடு, கட்டணம், சராசரி என்று எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இருக்காது. ஆகவே நீ இதை எந்தக் கோப்பிலும் போட முடியாது. தைரியமாகப் படி.

அடிப்பாவி! அப்படியே போட்டுவிட்டாயே!

செவ்வாய்க்கிழமை வேனில் ஏறுகிறேன். எல்லார் முகத்திலும் ஒரு பொத்திவைத்த சிரிப்பு. ட்வெயின் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்தான். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, மாதா கோவிலில் வேதம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தான். வாசித்து முடித்ததும் மேவிஸ் முன்னால் குனிந்து என் தோளைத் தட்டினாள். "அதெல்லாம் இருக்கட்டும் ஆர்லன். அவ கேக்கைத் தின்னு முடிச்சாளா இல்லையா?"

உன்னையே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

காரின் போன் செய்தாள். "அப்பா, நீங்க அம்மாகிட்டகூட இப்படிப் பேசி நான் கேட்டதில்லையே" என்றாள். அவள் அம்மா இங்ரிட் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவளுக்கு உன்னைப் பற்றி எல்லாம் தெரியும். "உன் பால்டிமோர்க்காரி அட்டை அனுப்பியிருக்கா, எடுத்து வை" என்று ஒவ்வொரு டிசம்பரிலும் அவள்தான் ஞாபகப்படுத்துவாள். அவள் போன பிறகு அட்டைகளை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

எனக்குக் கோபம்தான். கோபத்தைவிட வெட்கம். வாஷிங்டனில் காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கோட்டு மாட்டித் திரிகிற வக்கீல்கள் எல்லாரும் என் மனசைக் காபி குடித்துக்கொண்டே படித்திருப்பார்கள். கேக், கல்யாணம் என்று எழுதிய அந்த நாலு வரியை மட்டும் நீ ஒரு காகிதத்தால் மறைத்து நகல் எடுத்திருக்கக் கூடாதா? அன்றும் இப்படித்தான். அலுவலகத்துக் கார் நிறுத்துமிடத்தில் நான் பெட்டி படுக்கையோடு நிற்கிறேன், நீ "காப்பீட்டுக்காரங்க கட்சிக்கு மாறிட்ட, ஆர்லன்" என்று ஒரே வரி சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். உனக்கு விதிதான் பெரிது, மனிதர்கள் அப்புறம்.

ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் போட்ட குடிசைகள் ஜன்னலிலிருந்து தெரிகின்றன. என்னால் இப்போது அவ்வளவு தூரம் நடக்க முடியாது, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆர்லன்

---

பால்டிமோர்
மார்ச் 8

ஆர்லன்,

கட்டணத்தைப் பற்றி இப்போது நானும் தாராளமாக எழுதலாம். நான் அந்த வேலையில் இல்லை.

உன் கடிதம் கோப்பில் ஏறிய மறுநாள் கெல்வின் ஆஷ் என்னை அறைக்குள் கூப்பிட்டான். என் மேலதிகாரி, என் கடைசித் தங்கையின் வயது. பாவம், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி துடைத்தான். "லெனோரா, நான் அதைப் படிச்சேன். அது கருத்துக் கடிதம் இல்ல. காதல் கடிதம். அந்த மாவட்டத்துக்கு நாம எதைப் பண்ணினாலும், நீங்க இதுல இருந்தா, அவருக்காகத்தான் பண்ணினீங்கன்னு பெரிய நிறுவனங்க கோர்ட்டுல நிப்பாங்க" என்றான். அவன் சொன்னது சரி. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மேஜையைக் காலி செய்து பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஜூனில் ஓய்வு. இது என் கடைசி அறிவிப்பு என்று உனக்குத் தெரியாது. நர்ஸ் விவகாரத்தை நிறுத்த எத்தனை வருஷம் முட்டிமோதினேன் என்றும் தெரியாது. இறுதி அறிவிப்பில் என் கை இருக்காது.

விதிதான் பெரிது என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் யோசித்துப் பார். நான் உன் கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, நீ சொன்னதை மட்டும் கமுக்கமாக எடுத்துக்கொண்டிருந்தால்? என்றைக்காவது வெளியே வந்திருக்கும். அந்த வக்கீல்கள் ஒரு மாவட்டத்தோடு விடுவார்களா? அறிவிப்பு முழுவதையும் கவிழ்த்திருப்பார்கள், நர்ஸ்கள் பழையபடி வீடு வீடாகக் கிளம்பியிருப்பார்கள். குப்பையில் போட்டிருந்தால்? எனக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது. ஆல்மா சொன்னதை அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் சொல்லியிருந்தால் ஒரு கிழவியின் பழங்கதை. கோப்பில் ஏறினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்காகத்தான் போட்டேன். வேலை போகும் என்று தெரிந்துதான் போட்டேன்.

உன் நாலு வரியை ஏன் மறைக்கவில்லை? அதற்கு என்னிடம் விதியைத் தவிர வேறு காரணமும் உண்டு. அதை யாராவது வாசிக்கட்டும் என்று இருந்தது.

பழைய அறை இப்போது இல்லை. நாம் உட்கார்ந்த மாடியை இடித்துக் கண்ணாடியாகக் கட்டிவிட்டார்கள். கட்டண வேலை முடிகிற வெள்ளிக்கிழமைகளில் நண்டு வாங்கிவருவோமே! மற்றவர்கள் செய்தித்தாள் விரிப்பார்கள். நாம் தள்ளுபடியான அட்டவணைகளை, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே அந்த நீளக் காகிதத்தை, மேஜை முழுக்க விரித்து, அதன்மேல் நண்டைக் கொட்டிச் சுத்தியலால் உடைப்போம். காரப்பொடியும் பியரும் பட்டு எண்கள் ஊறிப்போகும். "டெக்சாஸ் மேல ஓடு கெடக்கு பாரு" என்பாய். ஒரு தடவை நீ உடைத்த நண்டு டெம்ப்சியின் சட்டையில் தெறித்து, அவர் அந்தச் சட்டையோடே செனட்டுக்குப் போனார். அப்புறம் அந்த ஜனவரி வேடிக்கை. ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லாருடைய நோயும் காகிதத்தில் அழிந்துவிடும், டாக்டர் மறுபடி எழுதினால்தான் உண்டு. வெட்டிய கால்கூட ஜனவரியில் முளைத்துவிடும் என்று நீ புத்தாண்டுக்கு என்னிடம், "கால் முளைச்சாச்சா?" என்று விசாரிப்பாய். இப்போது புத்தாண்டுக்கு யாரும் என்னிடம் அப்படிக் கேட்பதில்லை. சொன்னாலும் சிரிக்க ஆள் இல்லை.

மேவிஸிடம் சொல்: தின்று முடித்தேன். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீ ஆல்மாவின் தங்கையோடு ஆடிக்கொண்டிருந்தாய். நீ மறுபடி கேட்பாய் என்று இருந்தேன். உங்கள் ஊரில் காபி வேண்டுமா என்றே மூன்று தடவை கேட்பீர்கள், முதல் இரண்டு தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை என்று நீயே எனக்குச் சொல்லித்தந்தாய். என்னை ஒரு தடவைதான் கேட்டாய்.

அப்புறம் நானும் ஒருவரைக் கட்டிக்கொண்டேன், பல் டாக்டர். நல்ல மனிதர். என் பற்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. கல்யாணம்தான் நிற்கவில்லை.

லெனோரா

---

லிண்டால் மாவட்டம்
மார்ச் 16

லெனோரா,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். டயாலிசிஸ் நாற்காலியில் கையை அசைக்க முடியாது, ஆகவே நர்ஸம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் திரும்பப் படித்தேன். அவளும் சேர்ந்து படித்தாள் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள்.

உன் வேலை போனதற்கு என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்றால் போதாது. நான் உன்னிடம் ஒரு சலுகை கேட்டேன், நீ அதைச் சலுகையாக வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் நடந்தது.

ஆனால் ஒன்று. நான் ஒரு தடவைதான் கேட்டேன் என்பது தவறு. கார் நிறுத்துமிடத்தில் என்ன சொன்னேன்? "வா, லிண்டாலுக்குப் போவோம், நாமளே ஒரு திட்டம் ஆரம்பிப்போம், டாக்டர் வருவார், வேன் வாங்குவோம்" என்றேன். அதுதான் இரண்டாம் தடவை! உனக்கு அது வேலைக்கு ஆள் எடுப்பதுபோலக் கேட்டிருக்கும். இப்போது எழுதிப் பார்க்கையில் எனக்கே அப்படித்தான் கேட்கிறது. ஆல்மாவின் தங்கையோடு ஆடியதற்குக் காரணம், உன் பதில் வரும்வரை சும்மா நிற்க முடியவில்லை என்பதுதான்.

இறுதி அறிவிப்பு வருகிற ஏப்ரலுக்கு வேன் கூட்டம் முழுக்கக் காத்திருக்கிறோம். வேனில் இப்போது வேறு பேச்சே இல்லை. மேவிஸ் தினமும் ஜெபிக்கிறாளாம், அறிவிப்புக்கு. எந்த அறிவிப்புக்கும் கடவுளை இதுவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆர்லன்

---

பால்டிமோர்
ஏப்ரல் 9

ஆர்லன்,

நீ படித்திருப்பாய். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

நர்ஸ் விவகாரம் நிறைவேறிவிட்டது. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அப்புறம் பின்பகுதியைத் திருப்பினேன். நீ அங்கே இருந்தாய். "ஒரு கருத்தாளர், தம் மாவட்டத்தில் மருத்துவ வசதி இல்லாததால் செலவு குறைந்திருப்பதாகவும், அக்குறைவு உடல்நலத்தைக் காட்டவில்லை என்றும் தெரிவித்துள்ளார். பதில்: கருத்தாளருக்கு நன்றி. இப்பொருளை எதிர்வரும் ஆண்டுகளில் பரிசீலிப்போம்."

எதிர்வரும் ஆண்டுகளில் பரிசீலிப்போம். அந்த வரியை உருவாக்கியதே நான்தான், ஆர்லன். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவேன். அது வந்து விழுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

கெல்வினைத் தாழ்வாரத்தில் பிடித்துக் கேட்டேன். "உங்க நண்பர் சொன்னது தப்புன்னு இங்க ஒருத்தரும் சொல்லல, லெனோரா. ஆனா அவருக்குக் குடுத்தா நாளைக்கு நூறு மாவட்டம் வந்து நிக்கும். எது வைத்தியம் இல்லாத ஊர், எது நெஜமாவே ஆரோக்கியமான ஊர்னு பிரிச்சுப் பாக்க நம்மகிட்ட இன்னும் வழியில்ல" என்றான். அவன் கெட்டவன் இல்லை. நான் மட்டும் உள்ளே இருந்திருந்தால் அந்த வழியைக் கண்டுபிடிக்க உட்கார்ந்திருப்பேன். உன் கடிதத்தை நான் கோப்பில் போட்டதால்தான் உள்ளே இல்லை. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வலிக்கிறது.

லெனோரா

---

லிண்டால் மாவட்டம்
அக்டோபர் 14

லெனோரா,

கோடை முழுக்க எழுதவில்லை, கோபம் என்று நினைத்துவிடாதே. எழுத நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. கூட்டுறவுத் திட்டம் டிசம்பர் முடிவோடு இந்த மாவட்டத்தை விட்டுப் போகிறது. எல்லாருக்கும் கடிதம் வந்துவிட்டது. அதை ஆரம்பித்தவன் என்பதற்காக எனக்கு மட்டும் தலைவரே நேரில் வந்து சொன்னார். கையில் ஒரு டப்பா நிறைய உருளைக்கிழங்கு ரொட்டி. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குத்தான் அப்படிக் கொண்டுவருவார்கள். வேனை விற்கிறார்கள். ட்வெயின் பள்ளிப் பேருந்து ஓட்டப் போகிறான். மேவிஸ் மகனோடு ஃபார்கோவுக்குப் போவதா, இல்லை டயாலிசிஸே வேண்டாம் என்று இருந்துவிடுவதா என்று யோசிக்கிறாளாம். இதை அவள் வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நீ மனசை வருத்திக்கொள்ளாதே. உன் அறிவிப்பு சரிதான். எனக்கு வலிக்கிறது என்பதற்காகச் சரியானது தப்பாகிவிடாது. பாதி சரியானது, அவ்வளவுதான். மீதிப் பாதியை யாராவது செய்வார்கள். நாமும் ஒரு காலத்தில் பாதிதான் செய்தோம்.

வீட்டை விற்பனைக்குப் போட்டாயிற்று. காரின் மாடியறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்திருக்கிறாள். ஜன்னலிலிருந்து இன்னொரு வீட்டுச் சுவர் தெரியும். நல்ல பெண், அவளைக் குறை சொல்லக் கூடாது. நேற்றுப் படகைக் கரையேற்றினோம். அடுத்த வருஷம் இறக்குவது யாரோ. வாத்துகள் தெற்கே கிளம்பிவிட்டன, காலையில் ஒரே சத்தம். இந்தச் சத்தத்தோடுதான் நான் பிறந்தேன்.

புது விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் அட்டையை அங்கே அனுப்பு. கையெழுத்தில் குடும்பப் பெயர் வேண்டாம்.

ஆர்லன்

---

பால்டிமோர்
அக்டோபர் 25

ஆர்லன்,

நீ கொடுத்த புது விலாசத்துக்கு நான் எதுவும் அனுப்பப் போவதில்லை.

ஜூனில் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டினார்கள், கெல்வின் பேசினான், எல்லாரும் கை தட்டினார்கள். அதிலிருந்து காலையில் எழுந்து ஹாம்டன் பேட்டையில் உள்ள என் வீட்டு வாசலின் வெள்ளைப் படிகளைக் கழுவுகிறேன், மத்தியானம் வேறு வேலையில்லாமல் மறுபடி கழுவுகிறேன். போகிறவர்கள், "படி தேஞ்சிடும் பாட்டி" என்கிறார்கள். என் தங்கை மகளுக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். டிசம்பர் முதல் வாரம் அவள் குடிவருகிறாள்.

பெரிய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஏழு பேர் உட்காரலாம், பனியில் நிற்கும் சக்கரம். மகன் வயதுக்காரன் ஒருவன் விற்றான். "இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு மேடம், பேரப்பிள்ளைங்களா?" என்றான். டயாலிசிஸுக்கு என்றேன். தரை விரிப்பைக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டான்.

எனக்குத் தெரிய வேண்டியவை: எந்தெந்த நாள், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், போகும் வழியில் பெட்ரோல் எங்கே கிடைக்கும், மேவிஸின் வீடு எங்கே. அவளை ஃபார்கோவுக்கும் போகவிடாதே, மற்றதற்கும் விடாதே. முன் இருக்கை அவளுக்கு.

உன் வீட்டில் எனக்கு ஓர் அறை வேண்டும், கதவு சாத்துகிற அறை. ஊரில் யாராவது கேட்டால் இது கல்யாணம் இல்லை, போக்குவரத்து என்று சொல்லிவிடு. பிப்ரவரியில் முன்னறிவிப்பு வரும். அப்போது நான் வெறும் பொதுஜனம், யாருக்கும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. வைத்தியம் இல்லாத ஊரை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கண்டுபிடித்து எழுதுவோம். என்னை மூன்றாம் தடவை கேட்க உனக்கு நேரம் கொடுத்தால் இன்னும் முப்பது வருஷம் ஆக்குவாய். ஆகவே நானே கேட்கிறேன். வரட்டுமா?

லெனோரா

---

லிண்டால் மாவட்டம்
நவம்பர் 2

லெனோரா,

செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்ப வேண்டும், இல்லையென்றால் மேவிஸ் வாசலில் நின்று திட்டுவாள். பெட்ரோல் ஆல்மாவின் கடை இருந்த முனையிலேயே கிடைக்கும். உனக்கு ஏரியைப் பார்த்த அறை, கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது, இழைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை வேனில் ட்வெயினிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். போக்குவரத்து என்ற இடத்தில் அவனால் மேலே வாசிக்க முடியவில்லை. மீதியை மேவிஸ் வாசித்தாள்.

வா. சீக்கிரம் வா. வீட்டுக்கு முன்னால் நட்டிருந்த விற்பனைப் பலகையை இன்று காலை நானே பிடுங்கிவிட்டேன். தரை இன்னும் உறையவில்லை, சுலபமாக வந்துவிட்டது.

ஆர்லன்